தெற்குச் சரிவின் ஊற்று

சின்னப் பையனாக இருந்தபோது நீ என் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்கு அடம் பிடிப்பாய், ராய்ஸ். கொடுக்காவிட்டால் வாந்தி வரும் என்பாய். அது பொய் என்று எனக்குத் தெரியும், இருந்தும் கொடுத்துவிடுவேன். காலை வேளையில் ஒரு பிள்ளையை அழவைத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட எனக்கு என்றைக்குமே மனம் வந்ததில்லை. அதனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்னை ‘மேடம்’ என்றெல்லாம் கூப்பிடாதே. நேடின் என்றே கூப்பிடு. உன் ரெக்கார்டர் ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் வந்தது பத்திரிகை விஷயமாக. ட்ரெவரைப் பற்றி நேற்று எழுதியிருக்கிறார்கள். போதுமான தண்ணீர் எடுத்துக்கொள்ளாமல், முன்யோசனை இல்லாமல், ஆகஸ்ட் வெயிலில் ஹாரிகன் சிகரத்தில் ஏறப் போய் உயிரை விட்ட இளைஞன் என்று. உங்கள் ஷெரிஃப் அலுவலகம் சொன்னதாகப் போட்டிருக்கிறது. அது தப்பு. ட்ரெவர் அப்படிப்பட்ட பையன் இல்லை. கடைக்குப் போவதென்றாலும் வண்டியில் ஒரு குடுவைத் தண்ணீரும் ஒரு போர்வையும் வைத்துக்கொள்கிறவன். ஜோலீன் இதைப் படிப்பாள். அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் வளர்ந்து ஒருநாள் தேடிப் படிக்கும். தன் அப்பன் அசட்டுத்தனத்தால் செத்தான் என்று அந்தப் பிள்ளை நினைக்கக் கூடாது. அதைத் திருத்தச் சொல். எப்படித் திருத்துவது என்று சொல்லத்தான் வந்தேன்.

என் மகன் பென்னிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கோவையாக வரும். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேள்.

பென்னின் அப்பா வீட்டார் ஆடு மேய்க்க ஸ்பெயினிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த பாஸ்க் ஆட்கள். அவர்கள் பேச்சில் தாய்க்கு ‘அமா’ என்று பெயர். நாலைந்து கெட்ட வார்த்தைகளைத் தவிர பென்னுக்கு அந்த மொழியில் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். ட்ரெவர் பென்னின் சிநேகிதனாக எங்கள் வீட்டுக்குப் பத்து வயதில் வரத் தொடங்கினான். அவன் அம்மா அரிசோனாவில் யாரோடோ இருந்தாள். அப்பா குடித்துவிட்டு வண்டியிலேயே தூங்குகிற ஆள். பென் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டானோ அதையே அவனும் சொன்னான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ‘அமா, ரொட்டி’, ‘அமா, இன்னும் கொஞ்சம் பீன்ஸ்’ என்று கத்தும்போது, திரும்பிப் பார்க்காமல் எது யார் குரல் என்று எனக்குத் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்டில் இரண்டு பேரும் ஹாரிகனில் ஏறினார்கள். பள்ளத்தாக்கு ஊற்றில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போனார்கள். ஊற்று வறண்டு கிடந்தது. இறங்கும்போது பென்னுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது. ட்ரெவர் அவனை ஒரு ஜூனிப்பர் மரத்தின் நிழலில் படுக்கவைத்து, தன்னிடம் இருந்த தண்ணீர் முழுவதையும் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு சாலைக்கு ஓடினான். அந்தச் சாலையில் நாளெல்லாம் நின்றாலும் ஒரு வண்டி வராது. கடைசியில் வழியில் மயங்கிக் கிடந்த அவனை ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் கண்டெடுத்தார். நீங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது பென் இறந்து வெகு நேரம் ஆகியிருந்தது. பாட்டிலில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. ட்ரெவர் செய்ய வேண்டியதைச் செய்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சவ அடக்கத்தன்று அவன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து உள்ளே நுழையத் தைரியம் இல்லாமல் நின்றான். நான்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். நான் அவனைக் குற்றம் சொன்னதே இல்லை, ராய்ஸ். இதை நீ முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆகஸ்டில் அவன்தான் கேட்டான்.

“அமா, நான் மேல போலாம்னு இருக்கேன். அவன் உச்சிய சரியா பாக்கவே இல்ல. ஒரே புழுதி மூட்டமா இருந்துச்சு. நீங்க வர்றீங்களா?”

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். ஏறுகிற வழியெல்லாம் கேலி பேசுவான். “பஸ் ஓட்டின மாதிரியே நடக்கறீங்க அமா, பின்னால வர்றவன் முந்தவே கூடாதுன்னு.” உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து, ரொட்டியும் சொரீசோ தொத்திறைச்சியும் சாப்பிடுவோம். கீழே வறண்ட ஏரி வெள்ளைத் துணி விரித்தாற்போல் கிடக்கும். அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாக மலைகள், மனித வாசனையே இல்லாமல். அங்கே உட்கார்ந்து ட்ரெவர் அந்தக் கடைசி நாளை எனக்குச் சொல்வான். முதல் வருடம் அழுதுகொண்டே ஏதோ கொஞ்சம் சொன்னான். பிறகு ஒவ்வொரு வருடமும் புதிதாக ஏதாவது நினைவுக்கு வரும். பென் ஏறும்போது பாடிய பாட்டு. என் பழைய காருக்கு நல்ல டயர் வாங்கித்தர வேண்டும் என்று பென் சொன்னது. மரத்தடியில் படுத்துக்கொண்டு, “அமாகிட்ட சொல்லு, நான் பயப்படலன்னு” என்று சொன்னது. நான் வருடம் முழுக்க அதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் காப்பி போடும்போதும் பஸ் ஓட்டும்போதும் அதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொள்வேன். மகன் செத்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறை அவனிடமிருந்து ஒரு வார்த்தை வந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்.

எங்களுக்குள் தண்ணீர் என் பொறுப்பு. இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் இடத்தைச் சேணம் என்போமே, அங்கே ஒரு பாறை இடுக்கில் சில நாட்கள் முன்னதாகவே நான் தனியாகப் போய்க் குடுவைகளை வைத்துக் கற்களால் மூடிவிட்டு வருவேன். சுமையில்லாமல் ஏறலாம், இறங்கும்போது அங்கே வயிறு நிறையக் குடிக்கலாம். ஒரு வருடமும் தவறியதில்லை.

இந்த ஜூலையில் ட்ரெவர் என் ஏர்கூலரைப் பழுதுபார்க்க வந்தான். ஜோலீனும் கூட வந்தாள். நல்ல பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், சத்தமாகச் சிரிப்பாள். சாப்பிட உட்கார்ந்ததும் அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“அமா, நாங்க ஆரிகன் மாநிலத்துக்குப் போறோம். ஜோலீனோட அம்மா கடற்கரைப் பக்கம் இருக்காங்க. குழந்தை பொறக்கறப்ப பக்கத்துல இருக்கணும்னு இவ ஆசைப்படறா.”

“குழந்தையா? எப்பலேர்ந்துடா இதெல்லாம்? திருட்டுப்பய. சரி, எப்ப திரும்புவீங்க?”

“திரும்பற மாதிரி இல்ல அமா. அங்கேயே வேலை கெடச்சிருச்சு.”

“ஆகஸ்டுக்கு வருவியா?”

“இந்த வருஷம் கண்டிப்பா. கடைசியா ஒரு தடவ, நல்லபடியா ஏறிட்டு வந்துருவோம்.”

ஜோலீன் என் கையைத் தொட்டுச் சொன்னாள்: “இப்பல்லாம் இவன் நல்லா தூங்கறான், நேடின். அந்த மலைக் கனவு வர்றதே இல்ல.” நான் சந்தோஷப்படுவேன் என்றுதான் சொன்னாள். நானும் சந்தோஷம் என்றேன். இருவருக்கும் உருளைக்கிழங்கு சாலட் இன்னொரு கரண்டி வைத்தேன்.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். பென்னின் அப்பாவுக்கு பாய்ஸியில் புதிய குடும்பம், புதிய பையன்கள். இந்த ஊரில் பென் பேரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? சொன்னால் நான் வருந்துவேன் என்று நீங்களெல்லாம் சொல்லாமல் இருந்தே பழகிவிட்டீர்கள். ட்ரெவர் ஒருத்தன்தான் பாக்கி. அவனும் நன்றாகத் தூங்கத் தொடங்கிவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மனிதன் தாகத்தை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிடலாமா என்று மட்டும் நினைத்தேன்.

வழக்கம்போலத் தண்ணீர் வைக்கப் போனேன். சேணம்வரை சுமந்து ஏறினேன். பாறைப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குடுவைகளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். பாரத்தோடு இறங்குவது முழங்காலுக்குக் கெடுதல். அங்கேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கலாம். தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. நம் பக்கத்தில் யாருக்கும் வராது.

அப்போது எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை. கொஞ்சம் தாகமாக இருக்கட்டும், வண்டி வரைக்கும் நாக்கு வறண்டபடி நடக்கட்டும், பென் எப்படிக் கிடந்தான் என்று உடம்புக்கு ஒருமுறை ஞாபகம் வரட்டும், அவ்வளவுதான். இது தண்டனை இல்லை. போகிறவன் ஞாபகத்தோடு போகட்டும் என்றுதான்.

விடியும் முன்னே மலையடிவாரத்தில் மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். ட்ரெவர் தன் பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினான்.

“எதுக்குடா இவ்ளோ? சேணத்துல நான் வச்சிருக்கேன்ல.”

“இருக்கட்டும் அமா, பாரமா என்ன.”

“என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?”

சிரித்தான். ஒரு பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வண்டியிலேயே விட்டான். அவன் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் வந்தான், ராய்ஸ். விட்டுவிட்டு வரச் சொன்னவள் நான். இந்த இடத்தைப் பத்திரிகைக்காரர்களிடம் அழுத்திச் சொல்.

ஏறும்போது சேணத்தில் பாறையைப் பார்க்கலாமா என்றான். இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம், வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடுவோம் என்றேன். உச்சியில் அன்று காற்றே இல்லை. அப்படி ஒரு நாளை நான் அங்கே கண்டதில்லை. ரொட்டியைப் பிட்டுக் கொடுத்துவிட்டு, சொல்லு என்றேன். அவன் வறண்ட ஏரியைப் பார்த்தபடியே பேசினான்.

“புதுசா சொல்ல எதுவும் இல்ல அமா.”

“பழசையே சொல்லு.”

“அதத்தான் சொல்லணும்னு வந்தேன். நீங்க கோச்சுக்கக் கூடாது. ரெண்டாவது வருஷத்துலேர்ந்து நான் சொன்னதுல பாதி... நானா சேத்துக்கிட்டது. டயர் விஷயம், பாட்டு, பயப்படலன்னு சொன்னது. அவன் அப்டி எதுவும் சொல்லல. மரத்தடியில அவனுக்கு நினைவே சரியா இல்ல. என்ன யாருன்னு கூடத் தெரியல அவனுக்கு. நீங்க ஒவ்வொரு வருஷமும் என் மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. வெறுங்கையோட அனுப்ப முடியல என்னால. போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட பொய் இல்லாம இருக்கணும்னு தோணிச்சு.”

சொல்லிவிட்டு அழுதான். பெரிய பாரத்தை இறக்கிவைத்தவன் அழுகிற மாதிரி, நிம்மதியாக அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். சரி விடு, நல்லதுக்குத்தானே செய்தாய் என்றேன். வேறு எதுவும் சொன்ன ஞாபகம் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே என் பையன் இரண்டாவது முறை செத்துப்போனான். இந்தத் தடவை எனக்கென்று ஒரு வார்த்தைகூட விட்டுவைக்காமல். அதை நான் ட்ரெவரிடம் சொல்லவில்லை. அவன் மனம் கஷ்டப்படும்.

சேணத்துக்கு இறங்கி வந்தபோது வெயில் நடுமண்டையில் இருந்தது. அவன் முழங்காலிட்டுக் கற்களை ஒவ்வொன்றாக நகர்த்தினான். எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு வெறும் இடுக்குக்குள் கைவிட்டுத் துழாவினான்.

“வேட்டைக்காரனுங்க எவனாவது எடுத்திருப்பான்,” என்றேன்.

“பரவால்ல அமா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க.” தன் பாட்டிலை எடுத்தான். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. “நீங்க குடிங்க.”

“உனக்கு?”

“எனக்கு வேணாம். நான் வயசுப் பையன், தாங்குவேன்.”

நான் வாங்கிக் குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். என் பைக்குள், ஸ்வெட்டருக்கு அடியில், இரண்டு முழுப் பாட்டில்கள் இருந்தன.

அவன் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் நாங்கள் வந்த வழியே இறங்கி வண்டிக்குப் போயிருப்போம் என்று நினைக்கிறேன். வண்டியில் தண்ணீர் இருந்தது. ஆனால் அவன் பாட்டிலை நீட்டினானே, அந்தக் கை. பென்னுக்கும் இப்படித்தான் நீட்டியிருப்பான். பென் யாரென்றே தெரியாமல் அந்தக் கையைப் பார்த்திருப்பான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

தலை சுற்றுகிறது, என்னால் நடக்க முடியாது என்றேன். பாறை நிழலில் சாய்ந்துகொண்டேன். தெற்குச் சரிவில் ஒரு ஊற்று இருக்கிறது, போய்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வா என்றேன்.

“அந்தப் பக்கமா? அது வறண்டுல்ல கெடக்கும்?”

“இந்த வருஷம் பனி ஜாஸ்தி. போன வாரம் வந்தப்ப ஓடிட்டிருந்துச்சு. நானே குடிச்சேன்.”

அந்தச் சரிவை உனக்குத் தெரியும். உதிரிக் கல். இறங்குவது சுலபம், மேலே வருவதென்றால் ஓரடி ஏறினால் இரண்டடி சறுக்கும். அந்தப் பக்கம் பாதையில்லை, ஆளில்லை. ஊற்று என்று சொல்வது பழைய நாளில் ஆடுகளுக்காகப் பதித்த ஒரு துருப்பிடித்த குழாய். அதில் தண்ணீர் வந்து பல வருடம் ஆகிறது. அவன் எனக்கு நிழல் விழும்படி தன் சட்டையைக் கழற்றிப் பக்கத்துப் புதரின் கிளைமேல் போட்டுவிட்டுப் போனான். வெயிலில் பனியனோடு போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது. “அமா, எங்க இருக்கு?”

“இன்னும் கீழடா,” என்றேன்.

மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை குரல் மிகவும் சன்னமாக வந்தது. அது பென் குரல் மாதிரியே இருந்தது. நான்தான் சொன்னேனே, இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி வராது என்று தெரிந்த பிறகு எழுந்தேன். ஒரு பாட்டிலைக் குடித்தேன். அவன் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் உனக்குப் போன் செய்தேன். அவன் வடக்குப் பள்ளத்தாக்கில் குறுக்குவழி பார்க்கப் போனான், நான் காத்திருந்து காத்திருந்து பார்த்தேன் என்றேன். நீங்கள் இரண்டு நாள் வடக்கே தேடினீர்கள். உன் உதடெல்லாம் வெடித்துப்போய்த் திரும்பி வந்தாய். நான் உனக்கு சூப் கொடுத்தேன். அப்புறம் ஹெலிகாப்டர்க்காரர்கள் தெற்கே அவனைப் பார்த்தார்கள், அந்தக் குழாய்ப் பக்கத்தில். கையால் மண்ணைத் தோண்டியிருந்தான் என்று நீதான் வந்து சொன்னாய். விரல்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாய். தனக்காகத் தோண்டவில்லை, ராய்ஸ். எனக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் தோண்டியிருப்பான். அவனை எனக்குத் தெரியும்.

ஆக, திருத்தம் இதுதான். தண்ணீரை எடுத்தவள் நான். எடுத்துக்கொள்ளாதே என்று தடுத்தவள் நான். இல்லாத ஊற்றுக்கு அனுப்பியவளும் நான்தான். உங்களை வேறு பக்கம் தேடவைத்தவளும் நான். ட்ரெவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் என்னைக் காப்பாற்றப் போய்ச் செத்தான் என்று எழுதச் சொல். அது முழு உண்மை.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டாய்? உன் முகம் வெளுத்துப்போயிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் குடி.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டு, போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். ஜோலீன் தனியாக இருப்பாள். அடக்கம் முடிந்த நாளிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். பென் அறையைக் கொடுத்திருக்கிறேன். சரியாகச் சாப்பிடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சொன்னால்தான் இரண்டு வாய் இறங்குகிறது. அவன் கடைசியாக என்ன பேசினான் என்று தினமும் கேட்கிறாள். தினமும் கொஞ்சம் சொல்கிறேன். பிள்ளை பிறக்கும்வரை இங்கேயே இரு, பிறகும் இரு என்று சொல்லியிருக்கிறேன். அவள் அம்மா ஆரிகனிலிருந்து சனிக்கிழமை கூட்டிப்போக வருகிறாளாம். வரட்டும். அந்த அம்மாவுக்கு ட்ரெவரைப் பற்றி என்ன தெரியும்? அந்தப் பெண்ணுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?